சமையலறையில் சின்னக் கரப்பான், பாத்ரூமில் பெரிய கரப்பான்: ஸ்ப்ரே, ஜெல் எதற்கும் அடங்கவில்லை

மாடிவீடு_2பி கேட்டது:

சென்னையில் வாடகை ஃபிளாட், இரண்டாவது மாடி. சமையலறை முழுக்க பிளைவுட் கப்போர்டு. மூன்று மாதமாகக் கரப்பான் தொல்லை. இரவு பதினொரு மணிக்கு லைட்டைப் போட்டால் அடுப்பு மேடையில் பத்துப் பதினைந்து ஓடுகின்றன. எல்லாம் சின்னது, விரல் நகத்தளவு, வெளிர் பழுப்பு. மிக்ஸிக்கு அடியில், ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில், கப்போர்டு கீல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். பாத்ரூமில் மட்டும் பெரிய செங்கரப்பான், வாரத்துக்கு ஒன்றிரண்டு.

இதுவரை செய்தவை: ஸ்ப்ரே மூன்று டின், லட்சுமண ரேகை சாக்பீஸ், பிரிஞ்சி இலை. போன மாதம் ஜெல் ஒரு குழாய் வாங்கி கப்போர்டுக்குள் நீளமாகக் கோடு இழுத்தேன். நாலு நாள் குறைந்தது, பிறகு பழையபடிதான். ஜெல் தொடப்படாமல் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு மீன் தொட்டியும் உண்டு. எங்கே தப்பு?

பூச்சிக்கணக்கு எழுதியது:

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வேறு இனம். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

சமையலறையில் இருப்பது ஜெர்மன் கரப்பான். வளர்ந்தது 13 முதல் 16 மில்லிமீட்டர். செத்த ஒன்றைத் திருப்பாமல் மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் உள்ள கேடயத்தில் இரண்டு கருங்கோடுகள் நீளவாக்கில் இணையாக ஓடும். பாத்ரூமில் வருவது அமெரிக்கக் கரப்பான், 35 மில்லிமீட்டருக்கு மேல், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வாழ்வது. பெரியது வெளியிலிருந்து வரும் விருந்தாளி. சின்னது உங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்வது. பெரியதைப் பற்றி வடிகால் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும், நான் சின்னதைச் சொல்கிறேன்.

பெண் கரப்பான் முட்டைக்கூட்டைப் பின்னாலேயே சுமந்துகொண்டு திரியும். பொரிக்கிற நேரம் வந்தால்தான் இறக்கும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு முழுக் கரப்பானாகிவிடும். மருந்து முட்டைக்கூட்டுக்குள் போகாது. அதனால் இன்று எல்லாவற்றையும் கொன்றாலும் அடுத்த சில வாரங்களில் புதிய குஞ்சுகள் வந்தே தீரும். எட்டு வாரக் கணக்கு வைத்து இறங்குங்கள். நாலு நாளில் நிறுத்தினால் உழைப்பு வீண்.

ஸ்ப்ரேயிலும் சாக்பீஸிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பட்ட கரப்பான் சாகும், படாதது விலகி இன்னும் ஆழமான இடுக்குக்குள் போகும், பக்கத்து ஃபிளாட்டுக்கும் போகும். பல இடங்களில் ஜெர்மன் கரப்பானுக்கு இந்த மருந்து பழகியும் விட்டது. இதைவிட முக்கியமான சங்கதி: ஸ்ப்ரே அடித்த பரப்பில் ஜெல் வைத்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. உங்கள் ஜெல் தொடப்படாமல் காய்ந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது காரணம், கோடு இழுத்தது. மெல்லிய கோடு சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த ஜெல்லைக் கரப்பான் தின்னாது.

செய்ய வேண்டியது: ஸ்ப்ரேயையும் சாக்பீஸையும் முழுக்க நிறுத்துங்கள். கப்போர்டைக் காலி செய்து, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரால் உள்பக்கத்தைத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பழைய ஜெல்லைச் சுரண்டி எடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் கீல், இடுக்கு, கப்போர்டுப் பின்பலகை ஓரம் எல்லாம் உறிஞ்சிவிடுங்கள், மருந்தில்லாமலே கணிசமாகக் குறையும். உறிஞ்சிய பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.

அடுத்து ஒட்டுப்பொறி ஆறோ எட்டோ. நடுத்தரையில் வைக்கக் கூடாது. சுவரை ஒட்டியே ஓடுகிற பழக்கம் அதற்கு, எனவே பொறியின் ஓரம் சுவரைத் தொட வேண்டும். சிங்க் அடியில், ஃபிரிட்ஜ் பின்னால், கேஸ் சிலிண்டர் மூலையில், மேல் கப்போர்டுக்குள் ஒவ்வொன்று. எண் போட்டு மூன்று இரவு விட்டு எண்ணுங்கள். எதில் அதிகமோ, குறிப்பாகக் கடுகளவுக் குஞ்சுகள் எதில் விழுந்தனவோ, அதற்கு ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள்தான் அவை பதுங்கும் இடுக்கு இருக்கும்.

ஜெல்லை அங்கே வையுங்கள். மிளகளவுப் பொட்டு, சுமார் 0.1 கிராம். கப்போர்டு கீலின் கிண்ணத்துக்குள் ஒன்று, டிராயர் சேனலின் பின்முனையில் ஒன்று, பின்பலகை சுவரோடு சேரும் மூலைகளில், சிங்க் கிண்ணத்தின் அடிவிளிம்பில், ஃபிரிட்ஜ் கதவின் கீழ்க்கீல் மறைவில். ஒரு கப்போர்டுக்கு நாலு முதல் ஆறு பொட்டு. நீங்கள் சொல்கிற அளவுக்கு முதல் தடவை சமையலறைக்கு மட்டும் 10 கிராம், அதாவது நூறு பொட்டு தேவைப்படும். பெரிய பொட்டாகப் பத்து வைப்பதைவிடச் சின்னப் பொட்டாக நூறு வைப்பதே வேலை செய்யும். குஞ்சுகள் பதுங்கும் இடுக்கைவிட்டு அதிக தூரம் போவதில்லை, சாப்பாடு அவற்றின் வாசலில் இருக்க வேண்டும். வாசலுக்கே வராத குஞ்சும் தப்பாது. ஜெல் தின்ற பெரியது இடுக்குக்குள் போய்ச் சாகிறது, அதன் கழிவையும் பிணத்தையும் தின்று குஞ்சும் சாகிறது. அருவருப்பான ஏற்பாடுதான், ஆனால் ஜெல்லின் பலமே அது.

மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். தின்று தீர்ந்த இடத்தில் மறுபடி வையுங்கள். காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். தொடப்படாத இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே கரப்பான் இல்லை.

ஜெல் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் உள்ள மருந்தைப் பாருங்கள். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இமிடாக்ளோப்ரிட் 2.15, இண்டாக்சாகார்ப் 0.6 என்று இருக்கும். மூன்றும் வேறு வேறு வகை. சரியாக வைத்தும் இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்றால் அதே ஜெல்லைக் கூட்டி வைக்காமல் வேறு வகைக்கு மாறுங்கள். சில கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸே கசக்கும். இனிப்பு உணரும் நரம்போடு கசப்பு உணரும் நரம்பும் அதற்குத் துடிக்கிறது என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் காட்டினார்கள். குளுக்கோஸ் கலந்த இரையைத் தின்றவை செத்துப்போக, அது பிடிக்காதவை மட்டும் மிஞ்சிப் பெருகிய கதை.

மீன் தொட்டி இருக்கிற வீட்டில் ஸ்ப்ரே அடிப்பதை இனி யோசிக்கவே வேண்டாம். பைரித்ராய்டு மீனுக்குப் பரம விஷம், தொட்டியை மூடினாலும் ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளும். ஜெல்லால் அந்த ஆபத்து இல்லை. குழந்தைக்காக, ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே ஜெல் வைத்தால் மூடிய இடுக்குக்குள் மட்டும்.

குழாய்வேலை எழுதியது:

பெரிய கரப்பானுக்கு நான் சொல்றேன். அது டிரெயினேஜ்ல இருந்து ஏறி வருது, வீட்டுக்குள்ள மருந்து அடிச்சுப் பிரயோஜனம் இல்ல.

பாத்ரூம் தரைல ஜாலிக்குக் கீழ இருக்கிறது நானி டிராப். அதுல எப்பவும் 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் கதவு. புழங்காத பாத்ரூமா இருந்தா வெயில் காலத்துல தண்ணி வத்திடும், கதவு திறந்த மாதிரி. வாரம் ஒரு தடவை ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. ஊர்ல இல்லாத நாள்ல ஜாலி மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு செங்கல் வெச்சுட்டுப் போங்க. நிறைய வீட்ல தண்ணி சீக்கிரம் போகணும்னு டிராப் உள்ள இருக்கிற கப்பைக் கழட்டித் தூக்கிப் போட்டிருப்பாங்க. ஜாலியத் தூக்கிக் கப் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அதே அளவு கப் வாங்கிப் போடுங்க, இல்லாட்டி காக்ரோச் ஜாலின்னு கேட்டா ஹார்டுவேர் கடைல தருவாங்க.

அடுத்து வாஷ்பேசின், சிங்க் பைப். சுருள் வேஸ்ட் பைப்பைத் தரை ஓட்டைக்குள்ள சும்மா சொருகி விட்டிருப்பாங்க. சுத்தி ரெண்டு விரல் இடைவெளி இருக்கும், கரப்பானுக்கு அது ஹைவே. ரப்பர் அடாப்டர் போட்டு இறுக்கணும். கிடைக்கலைன்னா பைப்பைச் சுத்தித் துணி அடைச்சு மேல எம்-சீல் பூசுங்க, ஆனா சிங்க் அடைச்சா பைப்பைக் கழட்டணும்ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கங்க. வாஷிங் மெஷின் ஹோஸ் போற ஓட்டையும் இதே கணக்குதான். பைப் சுவருக்குள்ள போற இடத்துல வெள்ளை சிமென்ட்.

எந்த வழின்னு கண்டுபிடிக்க: ராத்திரி ஒவ்வொரு ஜாலி மேலயும் அகலமான டேப்பை ஒட்டுற பக்கம் கீழ இருக்கிற மாதிரி ஒட்டுங்க. காலைல எதுல சிக்கியிருக்கோ அதுதான் வழி.

அசோசியேஷன்கிட்ட சொல்லி கீழ சேம்பர் மூடி உடைஞ்சிருக்கா, வென்ட் பைப் மேல வலை இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, பிவிசி இளகிடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊத்துறது இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும். பூட்டின பாத்ரூம்ல அது ஆளையே சாய்ச்சிடும்.

செம்பருத்தி எழுதியது:

ஜெல்லுக்கு அவ்வளவு செலவு எதற்கு? போரிக் பவுடர், கோதுமை மாவு, சர்க்கரை சம அளவு எடுத்துப் பாலில் பிசைந்து உருட்டி மூலைக்கு ஒன்று வைத்தால் போதுமே. எல்லார் வீட்டிலும் செய்வதுதான்.

பூச்சிக்கணக்கு எழுதியது:

போரிக் ஆசிட் நல்ல மருந்துதான் மேடம், பைரித்ராய்டுக்குப் பழகிய கரப்பானையும் கொல்லும். உருண்டைதான் பிரச்சினை. சம அளவு போட்டால் போரிக் அதிகமாகி, ருசி பார்த்துவிட்டு ஒதுக்கும். இரண்டு நாளில் கல்லாகும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். தவழ்கிற குழந்தைக்கு அது மிட்டாய் மாதிரித் தெரியும் என்பது எல்லாவற்றையும்விட மோசம். போரிக் ஆசிட் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு விஷம்தான்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் திரவ இரை செய்யுங்கள். 100 மில்லி தண்ணீர், 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட். தராசில் நிறுத்துப் போடுங்கள், ஸ்பூன் கணக்கு வேண்டாம். பாட்டில் மூடியில் பஞ்சு வைத்து நனைத்து, பூட்டிய கப்போர்டுக்குள் அல்லது ஃபிரிட்ஜ் பின்னால். மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள். தண்ணீருக்கு அலைகிற கரப்பான் தேடி வந்து குடிக்கும். பவுடராகத் தூவுவதானால் ஊதினால் பறக்கிற அளவு மெல்லிய படலமாக, ஈரம் படாத இடத்தில். குவித்து வைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். கேரம் பவுடர் என்று விற்பதெல்லாம் போரிக் அல்ல, மருந்துக் கடையில் பெயர் பார்த்து வாங்குங்கள்.

பிரிஞ்சி இலை, வெள்ளரித் துண்டு, பிளக்கில் சொருகும் ஒலிக்கருவி இவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்.

மாடிவீடு_2பி எழுதியது:

இருவருக்கும் நன்றி சார். டிராப்பில் கப் இல்லை, சொன்னது சரிதான். இரண்டு கேள்வி. பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் ஒருவர் "ஒரே நாளில் கிளியர், வாசனை மருந்து அடிப்போம்" என்கிறார், விடலாமா? மிக்ஸி அடியில் திருகைக் கழற்றாமல் டார்ச் அடித்தால் உள்ளே நடமாட்டம் தெரிகிறது, அதை என்ன செய்வது?

பூச்சிக்கணக்கு எழுதியது:

ஒரே நாளில் என்று சொல்கிறவரை விடாதீர்கள். முட்டைக்கணக்கு தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். யாரைக் கூப்பிட்டாலும் மூன்று கேட்டுவிடுங்கள்: பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, மருந்தின் பெயர் என்ன, மறுபடி எத்தனாவது நாள் வருவார். டப்பாவைக் காட்டச் சொல்லி லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு அதிக விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. மூக்கைத் துளைக்கிற வாசனை என்றால் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தாக இருக்கலாம். இந்தியாவில் அது 2020 டிசம்பர் 31 முதல் தடை. புகை போடுவதும் வேண்டாம், இடுக்குக்குள் போகாது, கரப்பானை வீடு முழுக்கச் சிதறடிக்கும்.

மிக்ஸிக்கு: மோட்டார் சூடும் ஜார் கசிவும் சேர்ந்து அதற்கு அரண்மனை. பிளக்கைக் கழற்றி, அடிப்பக்கக் காற்றுத் துவாரங்களைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, மிக்ஸியைப் பெரிய குப்பைக் கவருக்குள் வையுங்கள். ஒரு அட்டைத் துண்டில் ஆறேழு ஜெல் பொட்டு வைத்து உள்ளே போட்டு, வாயை இறுக்கிக் கட்டி ஒரு வாரம் விடுங்கள். ஜெல்லை மோட்டார் மேலோ வயர் மேலோ தடவாதீர்கள். திறப்பதை பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கூடு மிஞ்சியிருந்தால் பொரிக்கும் என்பதால் நாலாவது வாரம் இன்னொரு தடவை.

இந்த எட்டு வாரமும் ராத்திரி சிங்க்கைத் துணியால் ஒற்றி உலர விடுங்கள். தீனி இல்லாமல் அது ஒரு மாதம் தாங்கும், தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாங்காது. ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் மேல் ஒரு தட்டு உண்டு, கரைகிற நீர் அதில்தான் தேங்கும். பலர் வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு வாரம் ஒரு முறை ஒற்றி எடுங்கள்.

குழாய்வேலை எழுதியது:

பாத்ரூம்ல வயித்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கிட்டு ஒரு சின்னக் கறுப்புக் குளவி திரிஞ்சா அடிச்சிடாதீங்க. அது கொட்டாது, பெரிய கரப்பானோட முட்டைக்கூட்டுலதான் முட்டை வைக்கும். அதைப் பார்த்தீங்கன்னா பக்கத்துல எங்கயோ கூடு ஒட்டியிருக்குன்னு அர்த்தம். லாஃப்ட், பைப் மறைவு, வாஷ்பேசின் அடின்னு தேடுங்க, கிடைச்சா சுரண்டி நசுக்கிடுங்க.