மண் மாற்றியதிலிருந்து போன்சாய் இலை கொட்டுகிறது, அவசரம்!

மொட்டைமாடி:
வணக்கம். என் போன்சாயைத் தொட்டி மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்று காலையில் மட்டும் 18 இலை. இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒரு குறையும் வைக்கவில்லை. என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

தொட்டிமண்:
என்ன மரம்?

வேர்ப்பிடி:
ஜூனிப்பர் என்றால் ஒரு பதில், ஃபைகஸ் என்றால் வேறு பதில். வேரை எவ்வளவு வெட்டினீர்கள்? என்ன மண்? வெயிலா, நிழலா? படம் இருந்தால் போடுங்கள்.

சாரல்77:
வைட்டமின் பி1 கலந்து ஊற்றுங்கள். என் மரங்கள் எல்லாம் அதில்தான் பிழைத்தன. வேறு எதுவும் வேண்டாம்.

கிளைவெட்டி:
மாதம் தவறாமல் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. போன்சாய் என்பது மரத்தின் பெயர் இல்லை தம்பி, வளர்க்கும் முறையின் பெயர். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வேரில் கத்தரி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

மொட்டைமாடி:
மன்னிக்கவும், ஃபைகஸ். அடிவேர் கிழங்கு மாதிரி தடித்து வெளியே தெரியுமே, அந்த வகை. வேர் கொஞ்சம்தான் வெட்டினேன். மண் தோட்டத்து மண், கூடவே எரு. தெம்பு வரட்டும் என்று மூன்றாம் நாள் உரமும் போட்டேன்.

தொட்டிமண்:
கொஞ்சம் என்றால் எவ்வளவு?

மொட்டைமாடி:
பாதி இருக்கும்.

வேர்ப்பிடி:
பாதியா! சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சரி, நடந்தது நடந்துவிட்டது. ஃபைகஸ் ஆல், அரசு இனம். சுவர் இடுக்கில் முளைக்கிற ஜாதி, லேசில் சாகாது. சின்னக் கிளை ஒன்றில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பால் கசிந்தால் இன்னும் நல்லது.

இரண்டு வேளைத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். பாதி வேர் போன மரம் முன்பு குடித்த அளவு குடிக்காது. தோட்டத்து மண் சின்னத் தொட்டியில் இறுகிக்கொள்ளும், காற்றுப் புகாது, மிச்ச வேரும் அழுகும். ஒரு மூங்கில் குச்சியை விரல் ஆழத்துக்குச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம். அழுகல் வாடை அடித்தாலொழிய மறுபடி மண்ணைக் கிளறாதீர்கள்.

இலைச்சருகு:
மிச்ச இலையையும் கிள்ளிவிடுங்கள். வேர் பாதி போனால் இலையும் பாதி போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

வேர்ப்பிடி:
கூடாது. புது வேர் விடத் தேவையான சத்தைத் தயாரிப்பதே இலைதான். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனும் நுனி மொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகித்தான் கீழே இறங்குகிறது. தாங்க முடியாத இலையை மரமே உதிர்த்துக்கொள்ளும், நாம் முந்த வேண்டாம்.

இலைச்சருகு:
இருபது வருடமாகக் கிள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் சாகவில்லை.

தொட்டிமண்:
கிள்ளாமல் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் தேறியிருக்குமோ என்னவோ. சாரல், பி1 சமாச்சாரமும் அப்படித்தான். சோதனைக் குழாயில் தனியாக வளர்க்கிற வேர்த்துண்டுக்குத்தான் அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். இலை உள்ள செடி தானே தயாரித்துக்கொள்ளும்.

சாரல்77:
என் மரங்கள் பிழைத்ததற்கு என்ன சொல்கிறீர்கள்?

தொட்டிமண்:
தண்ணீரும் ஊற்றினீர்கள் அல்லவா?

கிளைவெட்டி:
தலைப்பிலேயே பிழை. ஜப்பானிய மொழியில் அது குறில். ‘பொன்சாய்’ என்றுதான் எழுத வேண்டும்.

இலைச்சருகு:
பொன்சாய் என்றால் நகைக்கடையில் விற்கிற செடி மாதிரி இருக்கிறது. குறுமரம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

கிளைவெட்டி:
‘பொன்’ என்றால் தட்டம், ‘சாய்’ என்றால் நடுவது. தட்டத்தில் நட்டது. குறுமரம் என்றால் அந்தப் பொருளே வராது. தொட்டி இல்லாவிட்டால் அது வெறும் குட்டைச் செடி.

மொட்டைமாடி:
கீறிப் பார்த்தேன், பச்சை இருக்கிறது, பாலும் வந்தது! குச்சி சொதசொத என்று சேறோடு வந்தது. காலையில் வெயிலுக்குத் தூக்கிவைத்து, இருட்டியதும் உள்ளே கொண்டுவருகிறேன். அதைத் தொடரலாமா?

வேர்ப்பிடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தூக்கும்போது மரம் ஆடுகிறதா? தொட்டியோடு கம்பி போட்டுக் கட்டினீர்களா?

மொட்டைமாடி:
கட்டவில்லை. விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது.

வேர்ப்பிடி:
அதுதான் விஷயம். புது வேர் நுனி நூலைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் அறுந்துபோகும். இரவில் விட்டது காலையில் போய்விடும். அடிமரத்துக்கு மேலே ஒரு துணித்துண்டு வைத்து, தொட்டிக்கு அடியில் கயிறு கொடுத்து இறுக்கிக் கட்டுங்கள். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். காற்று உலர்வாக இருந்தால் ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தளர்வாக மூடலாம்.

சாரல்77:
கவர் போட்டால் பூஞ்சை வரும்.

தொட்டிமண்:
ஓட்டை போட்ட கவர் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மொட்டைமாடி (மூன்று வாரம் கழித்து):
கட்டிவைத்தேன். இப்போது ஆடவில்லை. மொத்தம் ஏழு இலைதான் மிச்சம், ஆனால் இரண்டு கிளை நுனியில் ஊசி மாதிரி துளிர் வந்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

இலைச்சருகு:
ஏழுதான் மிச்சமா? நீங்களே கிள்ளினீர்களா, தானாக விழுந்ததா?

இலைச்சருகு:
தம்பி, இருக்கிறீர்களா?