பிரெஞ்சு துணைவாக்கியத்தில் கவிழ்ந்த கதைகள்: உங்களுக்கும் உண்டா?

லியோன்வாசி:
எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. அம்மா அனுப்பிய பார்சலைக் கீழ்வீட்டுக் காவலர் அம்மாள் வாங்கி வைத்திருந்தார். என் கதவில் ஒரு சீட்டு: "பாஸே அவான் க ஜ ந பார்த்." பிரெஞ்சில் 'இல்லை' என்று சொல்ல வழக்கமாக வினைக்கு முன்னால் 'ந'வும் பின்னால் 'பா'வும் வரும். இங்கே 'ந' இருக்கிறது, 'பா' இல்லை. அவசரத்தில் 'பா'வை விட்டுவிட்டார், 'நான் எங்கும் போகவில்லை, வா' என்கிறார் என்று நினைத்து, நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, ஏழு மணிக்கு இறங்கினேன். பூட்டு. வெள்ளிக்கிழமை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நாற்காலிமேல் பார்சல். அம்மாவின் கையெழுத்து தெரிகிறது. 'நான் கிளம்புவதற்குள் வா' என்பதுதான் அர்த்தமாம். அந்த 'ந'வுக்கு அர்த்தமே கிடையாதாம். அப்புறம் எதற்கு எழுதுகிறார்கள்?

லாஷப்பல்_தம்பி:
எனக்கு 'ப்யுயிஸ்க்'. கொப்பியில் 'பார்ஸ் க = ப்யுயிஸ்க் = ஏனென்றால்' என்று எழுதி வைத்திருந்தேன். ரெஸ்டோரண்டில் இரண்டாம் கிழமை, பிந்திப் போனேன். ஷெஃப் "பூர்குவா?" (ஏன்?) என்றார். 'பார்ஸ் க' எல்லாரும் சொல்லுவது, நாங்கள் கொஞ்சம் உயர்வாகக் கதைப்போம் என்று "ப்யுயிஸ்க் ரயில் பிந்திட்டுது" என்றேன். வெங்காயம் வெட்டின சத்தம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்க்கினம். 'ரயில் பிந்தினது உனக்கே தெரியும்தானே' என்ற தொனி அதில் இருக்காம். எதிராளிக்கும் தெரிந்த காரணத்துக்குத்தான் 'ப்யுயிஸ்க்'. பூர்குவாவுக்குப் பதில் 'பார்ஸ் க' மட்டுமே. அன்றைக்கு முழுக்க எனக்குப் பாத்திரம் கழுவல்தான்.

மீன்குழம்பு:
லியோன்வாசி, அந்த 'ந' ஒன்றும் புதிர் இல்லை. பேச்சில் பாதிப்பேர் சொல்வதே கிடையாது, எழுதும்போதுதான் அலங்காரத்துக்கு வரும். எதிர்மறை என்றால் பெரும்பாலும் 'பா' மாதிரி இன்னொரு சொல்லும் கூட வரும். அதைப் பார்க்காதது உங்கள் தப்பு.

என் கதை டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வின் வாய்மொழிப் பகுதி. ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. "ஸி ஜோரே ஸ்யு..." ('எனக்குத் தெரிந்திருந்தால்...') என்றேன். தேர்வாளர் அம்மாவின் பேனா தாளைத் தொட்டது. அவ்வளவுதான், மிச்ச பத்து நிமிஷமும் நான் பேனாவைத்தான் பார்த்தேன். 'ஸி'க்குப் (நம் '-ஆல்' மாதிரி நிபந்தனைச் சொல்) பின்னால் 'ரே' என்று முடியும் வினை வராது என்று அங்கே சின்னப் பிள்ளைகளுக்கே ஒரு சிலேடை உண்டு: "லே ஸி நேம் பா லே ரே". காதில் கேட்டால் ரம்பங்களுக்குத் திருக்கை மீன் பிடிக்காது என்றும் அர்த்தம் வரும். தமிழில் 'தெரிந்திருந்தால்' என்பதில் காலமே கிடையாது, '-ஆல்' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நாமே போய் 'ரே'வை ஒட்டிக்கொண்டு மாட்டுகிறோம். பாஸ் ஆகிவிட்டேன், சரி. பேனா மறக்கவில்லை.

புதுவை_ஓய்வு:
முப்பது வருஷம் பாடம் எடுத்தவன். ஒரு பிரெஞ்சு விருந்தாளி "அப்ரே கில் ஸ்வா பார்த்தி" ('அவர் போன பிறகு') என்றார். 'ஸ்வா' இல்லை, 'ஏ' என்று திருத்தினேன். காபி டம்ளரை வைத்துவிட்டு, "நாங்கள் எல்லோருமே இப்படித்தான் சொல்கிறோம்" என்றார். மொழிக்கு விதி சொல்லும் பிரெஞ்சு அகாதெமி என் பக்கம்தான். ஆனாலும் அவர் முகம் இன்னும் உறுத்துகிறது.

நிற்க. தம்பி தங்கைகள் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். செயல் நடந்து முடிந்ததா என்று கேளுங்கள். 'அப்ரே க' (பிறகு): முடிந்தது, ஆகவே இன்டிகாத்தீஃப், அதாவது 'ஏ' மாதிரி சாதாரண வினைவடிவம். 'அவான் க' (முன்), 'பூர் க' (அதற்காக): இன்னும் நடக்கவில்லை, ஆகவே சுப்ஜோன்க்தீஃப், அதாவது 'ஸ்வா' மாதிரி தனி வினைவடிவம். 'அவான் க'வின் பழக்கத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களே 'அப்ரே க'வையும் கெடுக்கிறார்கள். இன்னொன்று: இரண்டு பாதியிலும் ஆள் ஒருவரே என்றால் 'க'வே வேண்டாம். 'அவான் த பார்த்திர்' (கிளம்புமுன்), 'பூர் பார்த்திர்' (கிளம்புவதற்காக) போதும். தமிழில் 'கிளம்புவதற்கு முன்' என்பது யார் கிளம்பினாலும் மாறாது, ஆகவே நமக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. தினமும் பத்து வாக்கியம் எழுதுங்கள். சத்தமாகப் படியுங்கள். மொபைலில் வேண்டாம், நோட்டுப் புத்தகத்தில்.

மீன்குழம்பு:
ஐயா, அப்படியானால் 'பியான் க'? 'மழை பெய்தாலும் போனேன்' என்றால் மழை பெய்துதானே முடிந்தது? அங்கேயும் சுப்ஜோன்க்தீஃப்தானே?

புதுவை_ஓய்வு:
அது விதிவிலக்கு.

மீன்குழம்பு:
'ஜ்யுஸ்கா ஸ க'வும் விதிவிலக்கா? 'அவர் வரும்வரை காத்திருந்தேன்', அவர் வந்தும் விட்டார்.

மான்ட்ரியல்_குளிர்:
சண்டைக்கு நடுவில் என்னுடையது சின்னது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுதினேன்: "கான் ஜ ரஸ்வா மோன் சாலேர், ஜ பேய் ல லுவாயே." சம்பளம் வந்ததும் வாடகையைக் கட்டிவிடுகிறேன் என்று எனக்குள் அர்த்தம். இரண்டுமே நிகழ்காலத்தில் இருந்ததால், எப்போதெல்லாம் சம்பளம் வருகிறதோ அப்போதெல்லாம் கட்டுவேன் என்று படித்திருக்கிறார். பதில் ஒரே வரி: வாடகை ஒன்றாம் தேதி. 'கான்'க்குப் பின்னாலும் எதிர்காலம் போட வேண்டும், 'ரஸ்வ்ரே' என்று. இங்கிலீஷ் பழக்கம் காலை வாரிவிட்டது.

லாஷப்பல்_தம்பி:
லியோன்வாசி அக்கா, பார்சல் கடைசியில் கிடைச்சுதா?

லியோன்வாசி:
திங்கட்கிழமை. உள்ளே சீடை. தூள்தூளாக நொறுங்கியிருந்தது, ஸ்பூனால் சாப்பிட்டேன். அந்தச் சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.