கழுவித் துடைத்த பிறகு ‘டக்’ சத்தம், செயின் குதிக்கிறது: பி.பி. மாற்றணுமா?

கடலோரச் சைக்கிள்:
வணக்கம். 21 கியர் சைக்கிள், டிஸ்க் பிரேக். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. மழைக்காலம் முழுக்க மாடிப்படிக்கு அடியில் சும்மா நின்றது. போன ஞாயிறு ஷாம்பு போட்டுக் கழுவி, செயினை டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்து, எண்ணெய் விட்டேன். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மிதிக்கும்போது விட்டு விட்டு ‘டக்’ என்று சத்தம். அந்த நேரத்தில் செயின் ஒரு பல் தாண்டுகிற மாதிரி காலில் தெரிகிறது. கியர் மாற்றினாலும் போகவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழல்கிற பேரிங்) போயிருக்கும், செட்டாக மாற்றணும் என்கிறார். மாற்றித்தான் ஆகணுமா?

டபுள் ஸ்டாண்டு:
எண்ணெய் போதவில்லை சார். இன்ஜின் ஆயிலைத் தாராளமாக ஊற்றுங்கள், சரியாகிவிடும். (இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் எங்கே கிடைத்தது? அதை முதலில் சொல்லுங்கள்.)

ஓவராயில்:
தாராளமாக ஊற்றவே ஊற்றாதீர்கள், அதுவும் கடற்கரைப் பக்கம். செயினுக்கு வெளியே நிற்கிற எண்ணெய் மணலைத்தான் பிடித்து வைக்கும். அந்த மணல் பல்லையும் செயினையும் சேர்த்து அரைத்துவிடும். எண்ணெய்க்கு வேலை ரோலருக்கும் (கண்ணியில் இருக்கும் குட்டி உருளை) அதன் நடுவில் போகும் பின்னுக்கும் (ஆணி) நடுவில். ரோலருக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி ஊற விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

பி.பி. விஷயத்துக்கு வருகிறேன். செலவு செய்யும் முன் ஒன்று பாருங்கள் தம்பி: சத்தம் பெடல் எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது? சுற்றுக்கு ஒரு தடவை தவறாமல் வந்தால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு), பி.பி., முன் பல்சக்கரம் இந்தப் பக்கம் தேடணும். மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரத்தில். இரண்டு, இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை என்றால் செயினில்தான் கோளாறு. கணக்கு எளிது: 112 கண்ணி உள்ள செயின், 42 பல் உள்ள முன் சக்கரத்தில் ஓடினால், செயின் ஒரு தடவை முழுசாகச் சுற்றி வர பெடல் இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும்.

கடலோரச் சைக்கிள்:
எண்ணிப் பார்த்தேன் அண்ணா. ஒவ்வொரு சுற்றுக்கும் வரவில்லை. இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் வருகிறது. சும்மா உருளும்போது சத்தமே இல்லை.

ஓவராயில்:
அப்படியென்றால் ஏதோ ஒரு கண்ணி இறுகிப்போய் மடங்காமல் நிற்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் போதும் அதற்கு. பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றுங்கள். கியர் மாற்றியின் கீழே தொங்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருங்கள். இறுகிய கண்ணி அங்கே நேராகாமல் துருத்திக்கொண்டு வரும், அந்தச் சக்கரங்களைத் தாங்கும் கியர் மாற்றியின் கை வெடுக்கென்று ஆடும். அந்தக் கண்ணியில் எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக் குறுக்குவாட்டில் லேசாக அசையுங்கள். செயின் வழக்கமாக மடங்கும் திசையில் இல்லை, பக்கவாட்டில். முரட்டுத்தனம் வேண்டாம், செயின் வளைந்துவிடும்.

பி.பி. சந்தேகம் தீரணும் என்றால் கிராங்கைப் பிடித்து ஃபிரேம் பக்கமாக உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை, செயினைக் கழற்றிச் சுற்றினால் கரகரப்பும் இல்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

மதுரை மிதி:
நடுவில் ஒன்று. மண்ணெண்ணெயில் கழுவினால் அது முழுசாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய் விடணும், இல்லாவிட்டால் விட்ட எண்ணெயும் கரைந்து போய்விடும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிற பழக்கம் இருந்தால் ஹப், பி.பி. பக்கம் காட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸில் தண்ணீர் ஏறினால் வெளியே தெரியவே தெரியாது. வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும்.

கடலோரச் சைக்கிள்:
கண்ணி கிடைத்துவிட்டது! செயினின் இரண்டு முனையையும் சேர்த்து மூட்டிய ஆணி இருக்கும் இடத்தில்தான். எண்ணெய் விட்டு அசைத்தேன், இப்போது சத்தமும் இல்லை, குதிப்பும் இல்லை. பி.பி.யிலும் ஆட்டம் இல்லை. ஆனால் பின் பிரேக் கத்துகிறது, பிடியும் குறைந்திருக்கிறது.

ஓவராயில்:
டிஸ்கில் எண்ணெய் தெறித்திருக்கும். மெடிக்கலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிச் சுத்தமான துணியால் துடையுங்கள். கையால் தொடாதீர்கள், விரலில் இருக்கும் எண்ணெயே போதும் கெடுக்க. பிரேக் பேடு (டிஸ்கைப் பிடிக்கும் கட்டை) எண்ணெயில் ஊறிப்போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதுவரை ஈ.சி.ஆர். பக்கம் வேகமாகப் போகாதீர்கள்.

அப்படியே செயின் தேய்மானத்தையும் அளந்துவிடுங்கள். அளவு டேப்பின் நுனிக் கொக்கி ஆடும், அதனால் 1 அங்குலக் கோட்டில் ஒரு பின்னின் நடுவை வைத்து 13-ல் பாருங்கள். புதுச் செயினில் 13-லும் சரியாக ஒரு பின்னின் நடு வரும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். ஒரு நூலே தள்ளியிருந்தால் பின்சக்கரத்துப் பல்லும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயினும் குதிக்கும்.

டபுள் ஸ்டாண்டு:
என் வண்டியையும் அளந்தேன். ஒரு நூலுக்கு மேலேயே தள்ளி நிற்கிறது. கியர் கிடையாது, ஃபுல் செயின் கவர். ஃப்ரீவீலும் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) மாற்றணுமா சார்?

ஓவராயில்:
செயினையும் ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள். கவரைக் கழற்றியதும் முன் சக்கரத்துப் பல்லையும் பாருங்கள், கொக்கி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதுவும் போச்சு.