ஒரு பவுண்டு பரிசால் குழந்தைகள் பிழைத்தனவா?

ஏட்டுப்புழு:
1904 நவம்பரில் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட் ஒரு வாக்குக் கொடுத்தார்: லாங்வுட் பகுதியில் தன் பதவிக்காலத்தில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளைத் தொட்டால் ஒரு பவுண்டு. பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குப் பாலூட்டலும் சுத்தமும் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைச் சாவு மளமளவென்று குறைந்தது. இதைவிடச் சான்று வேண்டுமா?

மழைக்கணக்கு:
வேண்டும். சின்ன ஊர்ப்பகுதி, நாலு குழந்தை கூடப் பிழைத்தாலே விகிதம் எங்கோ போய்விடும். இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கப் பாருங்கள்: ஆயிரம் பிறப்புக்கு 1910இல் 105 சாவு, 1911இல் 130, 1912இல் 95. 1911இல் மட்டும் தாய்மார் மக்காகிவிட்டார்களா? அந்தக் கோடை அப்படிக் கொளுத்தியது. தெருவில் குதிரைச் சாணம், கொல்லையில் எடுப்புக் கக்கூஸ், இரண்டிலும் ஈ. அதே ஈ பாலிலும். வயிற்றுப்போக்கில் போனவைதான் ஏராளம்.

ஏட்டுப்புழு:
சரி, யாருடைய பாலில்? தாய்ப்பால் குடித்தவை அவ்வளவாகச் சாகவில்லை, புட்டிப்பால் குடித்தவைதான் செத்தன. அந்தக் காலப் புட்டியில் நீண்ட ரப்பர் குழாய் இருக்கும், குழந்தை படுத்தபடியே உறிஞ்சலாம். உள்ளே பால் திரிந்து ஒட்டிக்கொண்டால் தேய்க்க வழியில்லை. (நம் பாட்டிகளின் பாலாடையை ஒரு அலசு அலசினால் முடிந்தது.) "இதைத் தூக்கிப் போடம்மா" என்று ஒருத்தி வந்து சொன்னது வீண் வேலையா?

பின்வரிசை:
நடுவில் ஒரு கேள்வி. மொத்த இறப்பு விகிதம் 1870களிலிருந்தே இறங்கியது. குழந்தைச் சாவு மட்டும் 1900 வரை 150ஐ ஒட்டியே நின்றது. மொத்தச் சாவு இறங்கச் சாக்கடை வசதியும் குழாய்த் தண்ணீரும்தான் காரணமென்றால் அவை பிள்ளைகளை ஏன் காக்கவில்லை?

மழைக்கணக்கு:
எனக்குத்தான் இடிக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்தும் வடக்கு நகரங்களில் எடுப்புக் கக்கூஸ் ஒழியவில்லை என்பது என் பதில். 1899இல் 163. அந்த உச்சியிலிருந்து அளந்தால் எல்லாத் திட்டமும் வெற்றிதான். புட்டியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கக்கூஸை மாற்ற நகராட்சி செலவழிக்க வேண்டும். தாய்க்குப் புத்தி சொல்ல அவ்வளவு ஆகாது.

ஏட்டுப்புழு:
புத்தி சொன்னதோடு நிற்கவில்லையே. பிறப்பைப் பதிய ஆறு வாரம் அவகாசம் இருந்தது. அதற்குள் பல குழந்தைகள் போய்விடும். 1906இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு, பிறந்த செய்தியை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று தனிச் சட்டமே வாங்கியது. எந்த வீட்டில் தொட்டில் ஆடுகிறது என்று தெரியாமல், உங்கள் கக்கூஸ் கணக்கைத்தான் யார் எடுப்பார்கள்?