பட்டறையை வாங்கிவிட்டேன், ஆட்களின் நம்பிக்கை எப்போது வந்தது? – அனுபவப் பகிர்வு

கணபதி, கோவை (மோட்டார் வைண்டிங்)

ஓடுகிற பட்டறையை ஆட்களோடு சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2018 ஜூனில் அப்படி ஒன்றை வாங்கியவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பழைய ஓனருக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நான் அதற்கு முன் 11 வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். எனக்குப் பம்ப் விற்கத் தெரியும், எரிந்துபோன ஸ்டேட்டரை (மோட்டாரில் கம்பி கட்டியிருக்கும், சுற்றாத பகுதி) பிரித்துக் கட்டத் தெரியாது. பட்டறையில் 11 பேர். மூத்த வைண்டர் அங்கே சேர்ந்து 24 வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

விலை பேசும்போது லேத், வார்னிஷ் ஓவன் (கட்டிய கம்பிக்குப் பூசும் காப்பு வார்னிஷைக் காயவைக்கும் அடுப்பு), டெஸ்ட் பேனல், செயின் பிளாக் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம். பட்டியலில் வராதது மேஸ்திரியின் நோட்டு. எந்த மோட்டாரைப் பிரித்தாலும் எத்தனை ஸ்லாட் (கம்பி உட்காரும் பள்ளம்), என்ன பிட்ச் (ஒரு சுருள் எத்தனை பள்ளம் தள்ளிப் போகிறது), எத்தனை சுற்று, எந்த கேஜ் (தடிமன்) கம்பி என்று அதில் எழுதிவிடுவார். இருபது வருடத்துக் கணக்கு. வேறு யாரோ பிரித்துப் போட்ட மோட்டார் வந்தால் அந்த நோட்டுதான் துணை. காலையில் டிபன் பாக்ஸோடு மஞ்சப்பையில் வரும், சாயங்காலம் அதே பையில் வீட்டுக்குப் போய்விடும்.

முதல் வாரமே போய்க் கேட்டேன். "மேஸ்திரி, அந்த நோட்டைக் கொடுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பார்க்கலாங்க சார்" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் "பார்க்கலாங்க"வின் அர்த்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது மாதம் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். வைண்டிங் வேலையில் வெட்டி விழுகிற காப்பர் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார்கள். மாதக் கடைசியில் அதை விற்று டீ, வடை, யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் மொய், ஆயுத பூஜைக்குப் பொரி என்று செலவு செய்வார்கள். பழைய ஓனர் பல வருடமாக அதைக் கண்டுகொண்டதில்லை. பழைய காப்பர் அப்போது கிலோ 400 ரூபாயை ஒட்டி விற்றது. விற்பனைக்காரன் புத்தி, அந்த 400 தான் எனக்குக் கண்ணில் பட்டது. எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்தேன். டப்பாவை தினமும் எடைபோட்டு ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் காலையில் எடுத்து மறுநாள் சாயங்காலம் முடிகிற 5 எச்பி மோட்டார், மூன்றாவது நாளும் மேஜையிலேயே கிடந்தது. "ஸ்லீவ் தீர்ந்துபோச்சுங்க சார்." "பேப்பர் பத்தலைங்க சார்." இரண்டு பையன்கள் லீவு போட்டார்கள். அவர்களில் ஒருவன் சின்னவேடம்பட்டிப் பக்கம் வேறொரு பட்டறையில் சம்பளம் விசாரித்ததாகக் காதுக்கு வந்தது.

பழைய ஓனரிடம் போய்ப் புலம்பினேன். அவர் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அந்த டப்பாவுல மாசம் மூணு கிலோ சேருமா தம்பி? அவங்க மனசு வெறுத்து ஒவ்வொரு கட்டுக்கும் கால் கிலோ கம்பியை வீணாக்கினா உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியுமா?" தெரியாது. மறுநாள் தராசைத் தூக்கி, புதுக் கம்பி ரீல் வந்து இறங்குகிற இடத்தில் வைத்தேன். டப்பா பழைய இடத்துக்கே போனது. டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் "தப்பு என்னுதுதான்" என்று சொன்னேன். யாரும் எதுவும் பேசவில்லை. மேஸ்திரி டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். வேலை பழையபடி நடந்தது, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

அவர்கள் மனதில் உண்மையில் இருந்த பயம் எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது. ஒருநாள் ஷட்டரை இறக்கும்போது ஹெல்பர் ஒருவர் மெல்லக் கேட்டார். "சார், எங்க பழைய சர்வீஸ் எல்லாம் போயிருச்சுங்களா?"

அப்போதுதான் ஆடிட்டரிடம் ஓடினேன். பத்து பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கு. மேஸ்திரிக்கு அப்போது 18,000. 24 வருடத்துக்கு 2,49,230 ரூபாய். ஒரே ஆளுக்கு! விலை பேசும்போது இதை நான் நினைக்கவே இல்லை. தொழில் கைமாறினால் ஒன்று பழைய முதலாளி ஆட்களுக்குக் கணக்கை முடித்து இழப்பீடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாங்குகிறவன் சர்வீஸ் அறாமல் பொறுப்பேற்க வேண்டும் என்று அப்போது இருந்த 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 25 எஃப்எஃப் பிரிவு சொன்னது. எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டுமே இல்லை. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முதலிலேயே பேசி விலையில் கழித்துவிடுங்கள்.

11 பேருக்கும் தமிழில் கடிதம் கொடுத்தேன். வேலையில் சேர்ந்த தேதி பழைய தேதிதான், சர்வீஸ் தொடர்கிறது, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்தும் சீலும் போட்டு. ஹெல்பர் அதை இரண்டு முறை படித்துவிட்டு சட்டைப்பைக்குள் மடித்து வைத்தார். மறுநாள் லேமினேட் செய்து எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினார். அந்த வாரம்தான் பட்டறையில் முதன்முதலாக நான் உள்ளே வந்ததும் பேச்சு நிற்காமல் தொடர்ந்தது.

அப்புறம் 2019 மார்ச்சில் நடந்தது. அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், போர்வெல் மோட்டார், வாழை காய்கிறது என்று வந்து நின்றார். போர்வெல்லில் மூழ்கி ஓடுகிற, உள்ளேயும் தண்ணீர் நிரப்பும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வார்னிஷ் கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையால் ஸ்லாட்டுக்குள் இழுக்க வேண்டும். உறையில் நகக்கீறல் பட்டாலும் போதும், தண்ணீர் இறங்கி, கரண்ட் மோட்டார் உடம்புக்குக் கசிந்து எர்த் ஆகிவிடும். அதனால் கட்டி முடித்ததை ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்த பிறகுதான் மேஸ்திரி மூடுவார். நான் அவசரப்பட்டேன். ஊற வேண்டாம், இன்றைக்கே மூடி அனுப்புங்கள் என்றேன். "வேணாங்க சார்" என்றார். நான் கேட்கவில்லை.

ஆறாவது நாள் மோட்டார் திரும்பி வந்தது. எரிந்த நாற்றம் வாசல்வரை அடித்தது. விவசாயி கத்தினார், அவர் மேல் தப்பே இல்லை. கம்பி இழுத்தது 22 வயதுப் பையன். அவனைக் காட்டி "இந்தப் பொடியன் கையில கொடுத்தா இப்படித்தான்" என்றார். பையன் முகம் செத்துப்போய்விட்டது. மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "அண்ணா, அவன் மேல தப்பில்லை. டெஸ்ட் பண்ண வேண்டாம்னு சொன்னது நான்." கம்பி, தூக்கி இறக்குகிற கூலி எல்லாம் சேர்த்து 14,000 சொச்சம் ஆனது. நானே கட்டினேன். அதே பையனைத்தான் மறுபடியும் கட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி எனக்கு முன்பே வந்து தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒயரை மாட்டிவிட்டு மெக்கரை என் பக்கம் தள்ளினார். "நீங்க சுத்துங்க." கைப்பிடியைச் சுற்றினேன். முள் மெல்ல நகர்ந்து இன்ஃபினிடி பக்கம் போய் நின்றது, கசிவு இல்லை. "இப்ப மூடலாம் தம்பி" என்றார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக சார் இல்லாத பேச்சு.

இரண்டு வாரம் கழித்து, எங்கோ பாதி பிரித்துப் போட்ட பழைய 15 எச்பி ஒன்று வந்தது. மேஸ்திரி நேராக என் மேஜைக்கு வந்து மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். வார்னிஷ் கறை படிந்த பக்கம், பென்சில் எழுத்து. 36 ஸ்லாட், 1440 ஸ்பீடு, பிட்ச் 8-10-12. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து விளக்கினார். நான் கேட்கவில்லை, அவராகத்தான்.

வேளச்சேரி, சென்னை (ஏசி டெக்னீஷியன்)

நான் ஓனர் இல்லை, விற்கப்பட்ட கம்பெனியில் வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

புது ஓனர் முதல் நாள் கூட்டம் போட்டு "நாம ஒரே குடும்பம்" என்றார். எங்களுக்கு அது காதில் ஏறவே இல்லை. நாங்கள் பார்த்தது இரண்டே விஷயம். சம்பளம் 7-ஆம் தேதி வருகிறதா, கஸ்டமர் புகார் சொன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறாரா.

மூன்றாவது வாரம் அவர் என்னோடு ஒரு வேலைக்கு வந்தார். மூன்றாவது மாடி, அவுட்டோர் யூனிட் சன்ஷேடுக்கு வெளியே தொங்குகிறது. நான் வழக்கம்போல ஜன்னல் வழியாகக் காலை வெளியே போட்டேன். என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். "கயிறு இல்லாமலா தினமும் இறங்குறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அந்த வேலையைச் செய்யாமலே திரும்பினோம். கஸ்டமரிடம் அவரே பேசினார். அந்த வாரமே எல்லா டீமுக்கும் சேஃப்டி பெல்ட்டும் கயிறும் வந்தது. பழைய ஓனர் நல்ல மனுஷன்தான், ஆனால் பத்து வருடத்தில் ஒரு நாள்கூட மேலே ஏறிப் பார்த்ததில்லை. சம்பளம் 2,000 கூடத் தருகிறேன் என்று வேறு இடத்தில் கூப்பிட்டபோது நான் போகவில்லை. என் மனைவிதான் போக வேண்டாம் என்றாள், அந்தக் கயிறுக்காக.

அம்பத்தூர் (லேத், ஜாப் ஒர்க்)

எனக்கு நடந்தது நேர் எதிர். 2015 ஆகஸ்டில் வாங்கினேன். டிசம்பர் வெள்ளத்தில் தொழிற்பேட்டை முழுக்கத் தண்ணீர். ஆறு லேத்தும் மூழ்கின. தண்ணீர் வடிந்த அன்றே டர்னர்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் சேறுதான். அதை விட்டுவிட்டு வந்து ஹெட்ஸ்டாக்கை (லேத்தின் சுழலும் தலைப்பகுதி) பிரித்து, டீசல் ஊற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து நாலு மெஷினைக் காப்பாற்றினார்கள்.

மாதக் கடைசியில் பட்டறை மூடியிருந்த நாட்களுக்கு நான் சம்பளம் பிடித்தேன். கையில் பணம் இல்லை, வங்கித் தவணை கழுத்தை நெரித்தது, எல்லாம் உண்மை. ஆனால் அவர்களைக் கூப்பிட்டு "இப்ப இல்லை, மார்ச்சுக்குள்ள தர்றேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். கவரில் போட்டு நீட்டிவிட்டேன். பொங்கல் முடிந்து மூன்று பேரும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி சொந்தமாக ஒரு பழைய லேத் போட்டார்கள். என் கஸ்டமர்களில் பாதிப் பேர் அங்கேதான் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தப் பணத்தைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்தவர் வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தார். திரும்பி வருகிறீர்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஈரோடு

கணபதி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. நான் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையை வாங்கும் யோசனையில் இருக்கிறேன். பழைய ஓனரைக் கொஞ்ச நாள் கூட வைத்துக்கொள்ளலாமா? மேஸ்திரி இப்போதும் உங்களிடம் இருக்கிறாரா, அந்த நோட்டு என்ன ஆனது?

கணபதி, கோவை

பழைய ஓனரை மூன்று மாதம் வரச் சொல்லுங்கள், ஆனால் அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எங்கள் பெரியவர் அதை அவராகவே செய்தார். தினமும் 11 மணிக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஆட்கள் அவரிடம் ஏதாவது கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் அமைவது கஷ்டம். இல்லையென்றால் ஒரு மாதமே போதும்.

மேஸ்திரி 2023-ல் ஓய்வு பெற்றார், 29 வருட சர்வீஸ். கடைசிச் சம்பளம் 22,000. கிராஜுவிட்டி 3,68,077 ரூபாய், அன்றைக்கே செக்காகக் கொடுத்தேன். நோட்டு அவரிடமே இருக்கிறது, அது அவருடையது. ஓய்வுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குக் கம்பி இழுத்த அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுக்கச் சொன்னாராம். சில பக்கங்களில் பென்சில் அழிந்துவிட்டது, படத்தில் தெரியாது. அப்படி ஏதாவது வந்தால் பையன் அவருக்குப் போன் போடுவான். போன வாரம்கூடப் போட்டான். "இருடா, கண்ணாடியை எடுத்துக்கிறேன்" என்ற குரல் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.