பனிக்காலத்தில் செல்ஃப் எடுக்காத கார்கள்: டெல்லித் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

மயூர் விஹார்வாசி:

ஜனவரி மாதம், அடர்ந்த மூடுபனி, விடிவதற்குள் மைத்துனரை விமான நிலையத்தில் விட வேண்டும். இரவு முழுவதும் வெட்டவெளியில் நின்ற பெட்ரோல் கார் முனகிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. பேட்டரி விளக்கு அணைந்துவிட்டதால் இனி சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்றார் மைத்துனர். கண்ணாடியில் படிந்த ஈரம் விலகும்வரை, ஹெட்லைட், ஹீட்டர் புளோயர், பின்கண்ணாடி டிஃபாகர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வண்டியை ஐடிலிங்கிலேயே (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்படி) நிறுத்தியிருந்தோம்.

லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்த சிறிய வோல்ட்மீட்டர் காட்டியதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. எல்லாம் ஓடும்போது அது 12.6 காட்டியது. டிஃபாகரை அணைத்தவுடன் 13.2 ஆனது; புளோயரைக் குறைத்ததும் 13.8, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் 14.4. எஞ்சினை அணைத்து ஓய்வில் விட்ட நல்ல பேட்டரியே 12.6 வோல்ட் காட்டும் என்பதால், அவ்வளவு நேரமும் பேட்டரிக்குள் ஏறக்குறைய எதுவும் போகவில்லை என்றுதான் பொருள். ஸ்டார்ட் ஆனவுடன் நிமிடத்துக்கு 1200 சுற்று வரை ஓடும் குளிர்ந்த எஞ்சின், சூடேறியபின் 800க்கு இறங்கிவிடுகிறது. அதனுடன், எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் உற்பத்தியும் இறங்குகிறது. 90 ஆம்பியர் என்று அதன் மேல் எழுதியிருப்பது வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு. ஐடிலிங்கில் பாதி கிடைத்தாலே பெரிது. விமான நிலையத்தில் எஞ்சினை அணைத்தபின் ‘டக் டக்’ என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

ஆர்.கே.புரம் பழைய குடித்தனக்காரர்:

மயூர் விஹார் நண்பர் ஐடிலிங்கின்மேல் முழுப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற குளிர்காலத்தில் என் வண்டியும் இப்படித்தான் படுத்தது. கரோல் பாக் பக்கத்துப் பட்டறையில் பேட்டரிக் கம்பியைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். மின்னோட்டம் 30 ஆம்பியருக்கு மேல் எகிறி, சற்று நேரத்திலேயே 8க்கு இறங்கியது. உதவிக்கு நின்ற பையன் உடனே ‘ஆல்டர்னேட்டர் கதம்’ (தீர்ந்தது) என்று தீர்ப்பளித்துவிட்டான். வயதான மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரி டெர்மினல்களில் வைத்துக் காட்டினார். 14.5 வோல்ட், அசையாமல் நின்றது.

மின்னழுத்தம் குறையாமல் மின்னோட்டம் மட்டும் குறைந்தால், கொடுப்பவன் கொடுக்கிறான், வாங்குபவன் வாங்கவில்லை என்று பொருள். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, உள்தடையும் கூடிவிடுவதால், அது சார்ஜை மெதுவாகத்தான் உள்வாங்கும். அதை ஈடுகட்டவே, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் கோடையில் கொடுப்பதைவிடக் குளிரில் சற்று அதிக வோல்ட் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் வீதம் 3 விநாடி இழுத்தாலும் செலவு 0.17 ஆம்பியர்-மணிதான், 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே ஒரு ஸ்டார்ட் பேட்டரியைக் காலி செய்வதில்லை. வாரக்கணக்காகச் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடி, அரைகுறையாகவே சார்ஜ் ஆகிவந்த பேட்டரியின் குறை குளிர்ந்த காலையில் வெளிப்படுகிறது.

துவாரகா, செக்டர் குடியிருப்பு:

என் அனுபவம் சிறியது. ஸ்டார்ட் செய்தவுடன் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் ‘கீச்’சென்று அலறி, எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம், ஒரு நிமிடத்தில் தானே நின்றுவிடும்.

அது ஏன் நின்றுவிடுகிறது என்பதை இங்கு பலரும் கவனிப்பதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டார்ட் ஆன அடுத்த கணத்தில்தான் பேட்டரி அதிக மின்னோட்டம் கேட்கிறது. அப்போதுதான் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதும் கடினம். பெல்ட்டின் ரப்பரும் குளிரில் விறைத்திருக்கிறது. தேய்ந்த பெல்ட் அங்கே வழுக்குகிறது, வழுக்கும்வரை சார்ஜும் குறைகிறது. பேட்டரி கேட்பது குறைந்ததும் வழுக்கலும் சத்தமும் நின்றுவிடுகின்றன. எனவே புதிய பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன், பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ உள்ளதா என்று பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த டெர்மினல்களை, முதலில் நெகட்டிவ்வைக் கழற்றி, சோடா மாவு கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையிலும் பேட்டரி முனையிலும் அளந்து, அரை வோல்ட் வேறுபட்டால் இடையிலுள்ள இணைப்பைத் தேடுங்கள். வாரம் ஒருமுறையாவது ஐடிலிங்கில் விடாமல் அரை மணி, முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். இன்னொரு சங்கதி: நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது மே, ஜூன் வெயில். தகடுகள் அப்போதே அரித்துப்போய்விடுகின்றன. டிசம்பரில் சாவுச் செய்தி மட்டும் வருகிறது. ஆர்.கே.புரம் ஐயா கோடையின் இந்தக் கெடுதலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வியப்பு.

ஜனக்புரியிலிருந்து:

துவாரகா நண்பரின் யோசனைகள் சரி. ஆனால் டெர்மினலைக் கழற்றச் சொன்னவர், எஞ்சினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள் என்று சேர்த்திருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி, ஒரு மெக்கானிக் என் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெகட்டிவ் கிளாம்ப்பை உருவினார். டேஷ்போர்டு விளக்குகள் ஒரு கணம் பளிச்சென்று வெளுத்தன; மியூசிக் சிஸ்டம் அத்துடன் ஊமையானது. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்து வழக்கம் அது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் பேட்டரியைத் துண்டித்தால், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுருளின் காந்தப்புலம் உடனே அடங்காது. ரெகுலேட்டர் அதைத் தணிப்பதற்குள் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் எகிறிவிடும்.

எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பழுது என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு தகவல். இப்போது நான் வைத்திருக்கும் வண்டியில் சார்ஜிங்கை எஞ்சின் கணினியே தீர்மானிக்கிறது. நொய்டா விரைவுச்சாலையில் சீராகப் போகும்போது 12.8 காட்டுகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், எரிபொருள் செலவில்லாமல் எஞ்சின் சுற்றும் அந்தச் சில விநாடிகளில், 14.8க்குத் தாவுகிறது. பழுது என்று அஞ்சி இரண்டு பட்டறைகளுக்குக் கொண்டுபோனேன். ஒன்றில் ஆல்டர்னேட்டரை மாற்றியே தீரவேண்டும் என்றார்கள், மற்றொன்றில் வண்டியின் கையேட்டை எடுத்து, இது இயல்புதான் என்று சொல்லும் பக்கத்தைக் காட்டினார்கள்.