பாறுகளுக்காக ஒரு கால்நடை முகாம்: மருத்துவரும் பழைய படங்களும் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். கூடலூருக்கு மேற்கே, வயநாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் மாடு வளர்த்தே வாழ்ந்த பாட்டி ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். செத்த மாட்டைப் புதைத்துவிடும்படி பலர் சொல்லியும், பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வந்திறங்கும் மேட்டில் கிடத்திவிடுவதே அவர் வழக்கம். "அதுகளுக்கும் வயிறு இருக்குல்ல" என்பார்.

டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி செலுத்தப்பட்டுச் சில நாள்களுக்குள் இறந்த மாட்டைத் தின்னும் பாறு, சிறுநீரகம் செயலிழந்து மடிகிறது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இலும், பாறுகளுக்கு அதேபோல் தீங்கான கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகிய வலிநிவாரணிகள் 2023இலும் தடை செய்யப்பட்டன. ஆயினும் மனிதருக்கென விற்கப்படும் டைக்ளோஃபினாக் தொழுவத்துக்கு வந்துவிடும் என்ற அச்சம் (வீண் அச்சமன்று) எங்களுக்கு இருக்கிறது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் வலிநிவாரணி கிடைக்கும்போது இந்த ஆபத்து தேவையே இல்லை.

எனவே, பாட்டியின் நினைவுநாளில் பிளெக்ஸ் வைப்பதற்குப் பதிலாக, மாடு வளர்ப்போருக்கு இதை விளக்கும் கால்நடை முகாம் ஒன்றை நடத்த விரும்புகிறோம். தமிழிலும் மலையாளத்திலும் பேசக்கூடிய கால்நடை மருத்துவரை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறோம். இப்பகுதியில் பாறுகள் கூட்டமாக இறங்கிய காலத்துப் படங்கள் வைத்திருப்போர், ஆண்டையும் ஊரையும் குறித்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும். கூடு இருக்கும் மரத்தின் அடையாளத்தை மட்டும் தயவுசெய்து பொதுவில் எழுத வேண்டாம்.